பேச்சுத் துணைக்குப் போனவள்

கஞ்சி வூட்டில் ஒரு கிழவியின் கயிற்றுக் கட்டில் பறிபோனதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை யார் எப்படி ஏமாற்றினார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். வரிசையை மாற்றிச் சொன்னால் நான் யோக்கியமாகத் தெரிவேன். இந்த வயதில் அதற்கு எனக்கு ஆசையில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். தர்மபுரி போர்டு பள்ளிக்கூடத்தில் என் கணவர் வாத்தியார். எனக்கு இருபத்தெட்டு வயது. குழந்தை இல்லை, மாமியார் இல்லை, காலை பத்து மணிக்கு மேல் செய்வதற்கு வேலையும் இல்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய புளிக் கிடங்கு இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து கமிட்டி வைத்து, அதை வெள்ளையடித்து, கயிற்றுக் கட்டில்கள் போட்டு, வயதான ஆதரவற்றவர்களுக்கு விடுதியாக்கியிருந்தார்கள். வெள்ளையடித்து என்ன செய்ய, மழை பெய்தால் சுவர் முழுக்கப் புளி வாசனைதான். கமிட்டி அதற்கு வைத்த பெயர் நீளமானது. ஊர் அதைக் ‘கஞ்சி வூடு’ என்று சொல்லி முடித்துக்கொண்டது. வாசலில் தார் பூசிய பலகையில் சுண்ணாம்பால் எழுதியிருந்த விதி ஒன்றே ஒன்று: யாருமில்லாதவர்களுக்கு மட்டும்.

விடுதியின் காரியதரிசி ஒரு பெண். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் ஒருவரின் மனைவி. ஒரு நாள் வெற்றிலை பாக்கு, குங்குமத்தோடு எங்கள் வீட்டுக்கே வந்தார். ‘வந்தார்’ என்றுதான் இன்னமும் எழுத வருகிறது, பழக்க தோஷம்.

“கஞ்சி நாங்க ஊத்திடறோம்மா. வயிறு நெறஞ்சுடுது. ஆனா பக்கத்துல உக்காந்து பேச ஆளு இல்லையே. வாரத்துல ஒரு நாள் வாங்க. ஒருத்தருக்கு ஒருத்தர். வேற ஒண்ணும் செய்ய வேணாம், பேசினா போதும்” என்றார்.

பேசினால் போதும் என்று என்னிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. பேசாமல் இரு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். உடனே ஒப்புக்கொண்டேன்.

இப்படி ஏழு பேர் சேர்ந்தோம். வக்கீல் வீட்டம்மா, தபால்காரர் மனைவி, துணிக்கடைக்காரர் வீட்டு மருமகள் என்று எல்லாரும் குடும்பப் பெண்கள்தான். பேச்சுத் துணை அம்மாக்கள் என்று எங்களுக்குப் பெயர். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குப் போவோம். அவரவருக்கு விட்ட ஆளின் கட்டில் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து நான்கு மணி வரை பேசுவோம். தின்பண்டம் கொண்டுவரக் கூடாது, மூக்குப்பொடி கூடாது, எதையும் செய்து தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. நான்கு மணிக்கு ஆபீஸ் அறையில் எங்களுக்கு வெல்லக் காபி கிடைக்கும். அப்போது காரியதரிசி மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, யார் என்ன பேசினார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். “அவங்க மனக்கொறை என்னன்னு நமக்குத் தெரிஞ்சாத்தானே ஏதாவது செய்ய முடியும்” என்பார். நியாயமாகத்தான் பட்டது.

எனக்குக் கிடைத்தவள் நல்லம்பள்ளிப் பக்கத்துக் குடியானவக் கிழவி. எழுபது வயதிருக்கும். முட்டி இரண்டும் வீங்கிப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பாள். நான் போய் உட்கார்ந்தால் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். ஐந்து வியாழக்கிழமை அவள் முதுகோடு பேசிவிட்டு வந்தேன். மற்றவர்களின் ஆட்கள் எல்லாம் வாய் ஓயாமல் பேசினார்கள். வக்கீல் வீட்டம்மாவின் கிழவர் தன் காளை மாடுகளைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசுவார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறாவது வாரம் ஒரு பக்திக் கதைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு பக்கம்கூட ஆகியிருக்காது, கிழவி திரும்பினாள்.

“வாத்தியாரூட்டம்மா, எனக்குக் காது நல்லாக் கேக்குதுங்க. பள்ளிக்கூடத்துக்கு வெச்சிக்குங்க இத.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்படீன்னா நீங்களாவது ஏதாவது பேசுங்க ஆயா. ஆறு வாரமா செவுத்துகிட்டப் பேசிட்டுப் போறேன்” என்று சத்தம் போட்டேன். பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கிழவி சிரித்தாள். முன்பல் ஒன்றுதான் இருந்தது. “கோவம் வருதே உனக்கு. இப்பத்தான் மனுசியாத் தெரியற. அடுத்த வாரம் வரப்ப ஒரு மட்டை பொடி கொண்டாந்துடு, புள்ள” என்றாள். அந்த ஒரே மூச்சில் ‘ங்க’ போய்விட்டது, நான் ‘புள்ள’ ஆகிவிட்டேன்.

வாழை மட்டையில் கட்டிய பொடியை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். விதியை மீறியதில் இருந்த சந்தோஷம் எனக்கு அதுவரை எந்த விரதத்திலும் கிடைத்ததில்லை. அவள் ஒரு சிட்டிகை எடுத்து உறிஞ்சி, மூன்று தும்மல் தும்மி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் வழக்கம்போல, “உங்க ஊரு பத்திச் சொல்லுங்க ஆயா” என்றேன்.

“எங்க ஊருல மாத்தாளுன்னு ஒண்ணு உண்டு, தெரியுமா? இன்னைக்கு அவ வந்து என் காட்டுல களையெடுத்தா, நாளைக்கு நான் போயி அவ காட்டுல எடுக்கணும். கூலி கெடையாது. வாங்கிட்டுப் போவாம இருந்துட்டா, அப்புறம் எவளும் வரமாட்டா. நீ வாரா வாரம் வந்து என் வாயப் புடுங்கற. உன் வாயில இருந்து என்ன எறக்கி வெச்ச? மொதல்ல நீ சொல்லு.”

“எங்கிட்ட என்ன இருக்கு சொல்ல?”

“ஒண்ணுமில்லாதவ வெயில்ல நடந்து இந்தக் கெழடுங்க நாத்தத்துக்கு எதுக்கு வரா?”

அன்றைக்கு அவளிடம் நான் சொன்னதை அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. என் அம்மாவிடம்கூட. எனக்கு இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிற்று. இரண்டாவது ஏழு மாதம். அதற்குப் பிறகு என் கணவர் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். எட்டு மாதமாகச் சாப்பாடு, தண்ணீர், குடை என்று மூன்று வார்த்தைக்கு மேல் என்னோடு பேசவில்லை. ஊரில் எல்லாரும் எங்களைப் பார்த்து அமைதியான தம்பதி என்றார்கள்.

கிழவி உச்சுக்கொட்டவில்லை. சாமி பார்த்துக்கொள்ளும் என்றும் சொல்லவில்லை. “ஆம்பளைக்கு அழ ஒரு எடம் கெடையாது புள்ள, மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கறான்” என்றாள். பிறகு, “ரெண்டாவதுக்குப் பேரு நெனச்சு வெச்சிருந்தியா?” என்று கேட்டாள். வைத்திருந்தேன். சொன்னேன். அவள் அந்தப் பெயரை ஒரு தரம் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயரை வேறொருவர் வாயால் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் என் முழங்காலில் கையை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அவள் முறை. நான் கேட்கவே இல்லை, அவளாகவே ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகளை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கொடுத்திருந்தார்கள். புருஷன் வீட்டில் அடி. ஒரு நாள் அந்தப் பெண் கையில் சூட்டுக் காயத்தோடு இரண்டு நாள் நடந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கிழவி அப்போது கடலைக்காய் பறிக்கக் காட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் மகன் இருந்தான். தங்கையை வாசல் தாண்டவிடவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில்தான் கிடக்க வேண்டும், இங்கே வந்தால் குடும்ப மானம் என்னாவது என்று நின்ற நிலையில் திருப்பி அனுப்பிவிட்டான். சாயங்காலம் கிழவி காட்டிலிருந்து வந்தபோது ஊர் எல்லைக் கிணற்றடியில் கூட்டம் நின்றுகொண்டிருந்தது.

“குடிக்கத் தண்ணி கேட்டிருக்கறா புள்ள. குடுக்கல. அப்புறம் அவளே போயி எடுத்துக்கிட்டா” என்றாள்.

சாவுக்குப் போனவர்கள் தலைமுழுகுவது எல்லா ஊரிலும் உள்ளதுதான். உயிரோடு இருக்கிற ஒருவரோடு உறவை அறுக்கிறபோது ‘உன்னைத் தலைமுழுகிட்டேன்’ என்று கோபத்தில் எல்லாரும் சொல்வோம். அவள் சொல்லவில்லை, செய்தாள். மகளை எடுத்த பிறகு பெண்கள் எல்லாரும் ஏரியில் இறங்கினார்கள். இவளும் இறங்கி, “இது எம்மவளுக்கு” என்று ஒரு முழுக்குப் போட்டாள். எழுந்து, கரையில் மொட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்த மகனைப் பார்த்து, “இது எம்மவனுக்கு” என்று இரண்டாவது முழுக்குப் போட்டாள். அப்படியே ஈரப் புடவையோடு கரையேறித் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் தண்ணீர் கிடையாது, அந்த ஊர் நிழல் கிடையாது. தர்மபுரியில் பதினைந்து வருஷம் புளி தட்டியும் கடலை உடைத்தும் பிழைத்திருக்கிறாள். முட்டி போன பிறகு இங்கே வந்து சேர்ந்தாள்.

“சேக்கறப்ப குமாஸ்தா கேட்டாரு, புள்ளைங்க இருக்கறாங்களான்னு. யாருமில்லன்னேன். நான் பொய் சொல்லல பாரு. எம்மவனுக்கு முழுகியாச்சு. செத்தவனக் கணக்குல எப்பிடி சொல்றது?” என்றாள். பிறகு பொடி மட்டையைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே, “இத உன்னோட வெச்சிக்க புள்ள. இவங்களுக்குத் தெரிஞ்சா என்னய வெளிய போவச் சொல்லிருவாங்க” என்றாள்.

“சரி ஆயா” என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அந்த ‘சரி’ அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

ஆபீஸ் அறையில் காபி வந்தது. தபால்காரர் மனைவி தன் ஆளுக்கு மலச்சிக்கல் என்றாள். துணிக்கடை மருமகள் தன் ஆள் பேயைப் பார்த்ததாகச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். காரியதரிசி என் பக்கம் திரும்பி, “பாவம், உங்க ஆளு இன்னும் வாயே தொறக்கலையா?” என்றார். அந்தப் பாவம் அவளுக்கில்லை, எனக்கு. எட்டு வாரமாக அந்த மேஜையில் சொல்ல ஒன்றுமில்லாமல் காபியை மட்டும் குடித்துவிட்டுப் போனவள் நான். இப்போது என்னிடம் இருந்தது அந்த மேஜையில் யாருமே கேட்டிராத கதை. என் வாயில் சனி வந்து உட்கார்ந்தது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். சனியும் இல்லை, ஒன்றும் இல்லை. பெருமை. என் ஆள் பேசிவிட்டாள், உங்கள் ஆட்கள் எல்லாரையும்விடப் பெரிதாகப் பேசிவிட்டாள் என்கிற அற்பப் பெருமை.

“நமக்குள்ள இருக்கட்டும்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாகவும் சொன்னேன். இரண்டாவது முழுக்கைச் சொன்னபோது வக்கீல் வீட்டம்மா விம்மினாள். நானும் அழுதேன். காரியதரிசியின் கண்ணும் கலங்கியிருந்தது. ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ பாவம், எந்த ஊருன்னு சொன்னாங்க?” என்று கேட்டார். ஊரைச் சொன்னேன். மகன் பெயரையும் சொன்னேன். மனம் இளகிக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவருடைய இன்னொரு கை எழுதிக்கொண்டிருந்ததை நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். அதில் தப்பாக நினைக்க எனக்குத் தோன்றவில்லை.

அதிலிருந்து மூன்றாவது வியாழக்கிழமை நான் போனபோது கஞ்சி வூட்டு வாசலில் ஒரு மாட்டு வண்டி நின்றது. நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவன் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேப்ப மரத்தடியில் நின்றிருந்தான். மூக்கு அப்படியே கிழவியின் மூக்கு. வேகமாக உள்ளே போனேன்.

உள்ளே கிழவியின் கட்டிலைச் சுற்றிக் கமிட்டிக்காரர் இருவரும் குமாஸ்தாவும் நின்றிருந்தார்கள். காரியதரிசி நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். “மகன் இருக்காரு, காடு இருக்கு, வூடு இருக்கு. உங்க ஊரு மணியக்காரரே எழுதி அனுப்பியிருக்காரு. கூட்டிட்டுப் போயி வெச்சிக்கறேன்னு மகனும் கையெழுத்துப் போட்டுட்டாரு. அப்புறம் யாருமில்லன்னு நீங்க எப்பிடிச் சொல்லலாம்?”

“யாருமில்லீங்க” என்றாள் கிழவி.

“நீங்களேதான சொல்லியிருக்கீங்க” என்றார் காரியதரிசி. அப்போது அவர் என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், மலர்ந்தது. “இதோ வாத்தியார் வூட்டம்மாவே வந்துட்டாங்க. இவங்க மட்டும் பொறுமையா உக்காந்து கேக்கலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது” என்று எல்லார் முன்னாலும் எனக்கு நன்றி சொன்னார்.

கிழவி என்னைப் பார்த்தாள். “ஏம் புள்ள, நீயா சொன்ன?”

காரியதரிசி சொல்லிவிட்ட பிறகும் இல்லை என்று சாதித்திருக்கலாம். அன்றைக்கு என்னோடு வந்திருந்த ஆறு பேரும் மூச்சுவிட்டிருக்க மாட்டார்கள். “ஆமா ஆயா” என்றேன். அவள் தலையை ஆட்டினாள். நான் திருடி, அவள் நீதிபதி என்கிற மாதிரி ஆட்டியிருந்தால்கூடத் தேவலை. ராகி என்ன விலை என்று கேட்டுப் பதில் தெரிந்துகொண்டவள் மாதிரி ஆட்டினாள்.

மகன் உள்ளே வந்தான். தரையில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு, “வாம்மா, போலாம்மா” என்று அழுதான். அழுகை பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவள் குனியவில்லை. காரியதரிசியிடம் கேட்டாள், “செத்தவன் வண்டியில எப்பிடிங்க ஏறறது?”

காரியதரிசி நோட்டை மூடினார். விடுதியில் வேலை செய்கிற இரண்டு பெண்கள் அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தார்கள். அவள் திமிறவில்லை. பின்பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, மகனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். வண்டி திரும்பும் வரை எங்கள் பக்கம்தான் அவள் முகம். ஆனால் எங்களில் யாரையும் அவள் பார்க்கவில்லை.

நான் ஆபீஸ் அறைக்குள் போய்க் கத்தினேன். என் ஜென்மத்தில் ஒரு மூத்த பெண்மணியிடம் அப்படிக் கத்தியதில்லை.

“நமக்குள்ள இருக்கட்டும்னு சொன்னேனே!”

“நமக்குள்ளதானம்மா இருக்கு. கமிட்டி நமக்கு வெளியாளா?”

“பேசினா போதும்னுதான கூப்பிட்டீங்க? வேவு பாக்கவா கூப்பிட்டீங்க?”

காரியதரிசி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். யுத்தத்தால் அரிசி வரத்து நின்றுவிட்டது, ராகியும் பாதிதான் வருகிறது, பஸ் நிற்கிற இடத்தில் நிஜமாகவே யாருமில்லாத பத்துப் பேர் படுத்துக் கிடக்கிறார்கள் என்று விளக்கினார். ஆள் இருக்கிறவர்களைக் கண்டுபிடித்து அனுப்பினால்தான் அவர்களுக்கு இடம் கொடுக்க முடியும். குமாஸ்தா கேட்டால் கிழங்கள் சொல்ல மாட்டார்கள். உங்களைப் போன்றவர்களிடம் சொல்வார்கள். “நீங்க செஞ்சது புண்ணியம்மா. வயிறு ஒட்டிக் கெடக்கற ஒருத்திக்கு எடம் கெடைக்கும். தலைமுழுகினா பெத்த புள்ள இல்லாம போயிடுவானா? நீங்க படிச்சவங்க.”

இதில் எந்த இடத்தில் கை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருந்தது. அவர் ஆரம்பத்திலேயே இதைச் சொல்லியிருந்தால் நாங்கள் ஏழு பேரில் ஒருத்தியாவது வீட்டில் இருந்திருப்போம். அதனால்தான் சொல்லவில்லை. வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்து, என் தனிமையை மோப்பம் பிடித்து, அதையே ஒரு கிழவியின் வாயைத் திறக்கும் சாவியாக்கிக்கொண்டார். அதற்கு மேல் எனக்கு நன்றியும் சொன்னார்.

மற்ற ஆறு பேரிடம் போனேன். இனிமேல் யாரும் போகக் கூடாது என்று சொன்னேன். அந்த மாதம் மட்டும் நான்கு பேரை அனுப்பியிருந்தார்கள். நான்கும் எங்கள் காபி மேஜையில் பேசியதுதான். வக்கீல் வீட்டம்மா, அந்தக் கதைக்கு விம்மியவள், “நாம பேசத்தான போறோம். மத்ததெல்லாம் கமிட்டி பாத்துக்கும். நீ ஏன் மனசப் போட்டு அலட்டிக்கற?” என்றாள். அவளுடைய காளை மாட்டுக் கிழவருக்கு மகள் வழிப் பேரன் ஒருவன் இருப்பதும் அந்த நோட்டில் ஏறியிருந்தது. அது அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கூடத்தில் என் கிழவியைச் சுற்றிப் பன்னிரண்டு பெண்கள் படுத்திருந்தார்கள். பகல் முழுக்க வாய்க்கு அவல் தேடுகிறவர்கள். வாத்தியார் வீட்டுக் கதை அவர்களுக்கு ஒரு மாதத்துக்குப் போதும். ஒருத்தியாவது என்னை வேறு மாதிரிப் பார்த்ததில்லை. என்னுடையதை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. மாத்தாளுக்கு நான் போன லட்சணம் இது.

அடுத்த வாரம் அந்தக் கட்டிலில் வத்தல்மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த ஒருத்தியைப் படுக்க வைத்தார்கள். பஞ்சத்தில் கால் வீங்கியிருந்தது. எனக்குத்தான் அவளை விட்டார்கள். காரியதரிசிக்கு என் கெட்டிக்காரத்தனத்தில் அவ்வளவு நம்பிக்கை. போகக் கூடாது என்று நினைத்தவள் போனேன். அவள் மலைக்காரி, கீழே யாரையும் தெரியாது, முக்காலியைப் போட்டதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் குனிந்து அவள் காதருகில், “எங்கிட்ட எதுவும் சொல்லாதீங்க. யாரு இருக்கறாங்க, எந்த ஊரு, ஒண்ணும் சொல்லாதீங்க” என்றேன். பயந்து கையை எடுத்துக்கொண்டாள். நான்கு மணி வரை இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பேச்சுத் துணை என்று நான் அங்கே போன கடைசி நாள் அதுதான்.

மூன்று மாதம் கழித்து, தாங்க முடியாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லம்பள்ளிக்குப் போகும் கரி பஸ்ஸில் ஏறினேன். பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் அடுப்புக் கட்டி ஓட்டிய பஸ் அது. மேட்டில் எல்லாம் இறங்கி நடக்க வேண்டும். இறங்கிக் கேட்டுக் கேட்டு அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். முடிந்தால் எங்கள் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றும் ஒரு எண்ணம். என் கணவரிடம் கேட்டிருந்தேன். ஒரு வருஷமாகப் பேசாத மனிதர், “கூட்டிட்டு வா” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்.

வீடு ஓட்டு வீடு. மருமகள் முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். தர்மபுரியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறியது. “கஞ்சி வூட்டுலருந்துங்களா? வாங்க, வாங்க. அத்தை பின்னாடி இருக்கறாங்க. நாங்க ஒரு கொறையும் வெக்கலீங்க. அவங்கதான் வூட்டுக்குள்ள வரமாட்டேங்கறாங்க” என்று படபடத்துக்கொண்டே மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப் போனாள்.

கொட்டகையின் ஓரத்தில், வீட்டுச் சுவரில் முதுகு படாமல் அவள் உட்கார்ந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். மூன்று கல், ஒரு மண்சட்டி, அருகில் ஒரு குடம். அக்கம்பக்கத்தில் வாங்கிய ராகியை அவளே காய்ச்சிக்கொள்கிறாளாம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் தொடுவதில்லையாம். சுவரைப் பிடித்து நடந்தவள், இந்த வீட்டுச் சுவரைத் தொட மாட்டேன் என்று இரண்டு கையையும் தரையில் ஊன்றி நகர்ந்து, ஊர்ப் பொதுக் கிணற்றடிக்குப் போய் யாராவது ஊற்றினால் வாங்கி வருகிறாளாம். மருமகள் இதையெல்லாம் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள்.

“ஆயா” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தெரிந்துகொண்டாள், அதில் சந்தேகமில்லை. “வாங்கம்மா” என்றாள். “வெயில்ல வந்திருக்கறீங்க. உக்காருங்க.”

‘புள்ள’ போய், மறுபடியும் அந்த ‘ங்க’. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். “நான் செஞ்சது தப்பு ஆயா. வாங்க, எங்க வூட்டுக்குப் போலாம். எங்க வூட்டுக்காரரே கூட்டிட்டு வரச் சொன்னாரு” என்றேன்.

அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டு, குமாஸ்தாவின் முன்னால் உட்கார்ந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்தாள். “எங்கிட்ட என்னங்க கொறை? மவன் நல்லாப் பாத்துக்கறான். மருமவளும் நல்லவங்க. வேளா வேளைக்கு சோறு போடறாங்க. படுக்க எடம் குடுத்திருக்கறாங்க. ஒரு கொறையும் இல்லீங்க, எழுதிக்குங்க” என்றாள்.

“எங்கிட்ட நோட்டு இல்ல ஆயா. நான் இப்ப அங்க போறதே இல்ல. உங்களப் பாக்கத்தான் வந்தேன்.”

மருமகள் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழவி என் வெறும் கையைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

“சரிங்கம்மா. எழுதாட்டிப் போவுது. எப்பவும் போல வாயாலயே சொல்லிருங்க.”